பழைய வீட்டுக்கு மாடுலர் கிச்சன்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது

ஃபேக்டரியில் பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, மூன்று நான்கு நாளில் பூட்டிக் கொடுத்துவிட்டுப் போகும் மாடுலர் கிச்சன் புது அபார்ட்மென்ட்டை மனதில் வைத்துச் செய்யப்படும் சரக்கு. சுவர் நேராக நிற்கும், மூலை மட்டம் சரியாக இருக்கும், தரை ஒரே மட்டத்தில் இருக்கும், ஒயரிங்கும் பைப்பும் ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் என்று வைத்துக்கொண்டுதான் அதன் அளவு, விலை, நாள் கணக்கு எல்லாமே போடப்படுகிறது. தாத்தா கட்டிய வீட்டில் இவற்றில் ஒன்றுகூட இருக்காது. 9 அங்குலமோ 13½ அங்குலமோ செங்கல் சுவர், மேலே சுண்ணாம்புச் சாந்துப் பூச்சு, மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை, மூலையில் பாத்திரம் கழுவும் அங்கணம், அதை நோக்கிச் சரியும் தரை, சுவர் மேல் மரப்பட்டையில் ஓடும், எர்த் இல்லாத கட்டை ஒயரிங். கும்பகோணத்திலும் பாளையங்கோட்டையிலும் மயிலாப்பூர்ச் சந்துகளிலும் இன்றைக்கும் அடுப்படி இப்படித்தான் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட வீட்டுக்கு முழு மாடுலர் செட் வாங்க வேண்டாம். கீழ்வரிசைக்குக் கடப்பாக் கல் தடுப்பு வைத்துக் கொத்தனார் கட்டட்டும். அதற்குக் கதவும் டிராயரும் மட்டும் ஃபேக்டரியில் செய்து வாங்கிப் பூட்டுங்கள். மேல்வரிசைப் பெட்டிகளை முழுக்க ஃபேக்டரியில் வாங்கலாம். மிச்சமாகும் பணம் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் போகட்டும். செமி மாடுலர் என்று கேட்டால் எல்லா ஊரிலும் புரிந்துகொள்வார்கள். ஷோரூமில் இதை ஆர்வமாகக் காட்ட மாட்டார்கள், பெட்டியில்தான் அவர்களுக்கு வரும்படி.

கீழ்வரிசைப் பெட்டி எங்கே தோற்கிறது என்பதை சிங்க் அடியில் பார்க்க வேண்டும். பெட்டியின் அடிப்பலகையும் பக்கப் பலகையும் சேரும் பின்மூலையில் விரலால் தடவிப் பாருங்கள். பைப் நுழைய அங்கே வட்டமாக ஓட்டை போட்டிருப்பார்கள். அந்த ஓட்டையின் விளிம்பில் பலகை மேல் ஒட்டும் லேமினேட் தாள் கிடையாது, ஓரத்தை மூடும் எட்ஜ் பேண்ட் பட்டையும் கிடையாது, மூடாத மரம் தெரியும். வேஸ்ட் பைப்பிலிருந்து வியர்க்கும் நீரும் கழுவும்போது சொட்டும் நீரும் அந்த வளையத்தின் வழியாகத்தான் உள்ளே இறங்குகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் ஒரு மழைக்காலத்தில் உப்பிவிடும். மரநாரை அழுத்திச் செய்த சாதா எம்.டி.எஃப். அதைவிடக் கொஞ்சம் தாங்கும், ஆனால் ஒருமுறை உப்பினால் திரும்பப் பழைய கனத்துக்கு வராது. எச்.டி.எச்.எம்.ஆர். என்னும் அடர்த்தியான மரநார்ப் பலகை ஈரம் தாங்குகிறது, ஷட்டருக்கு, அதாவது பெட்டிக் கதவுக்கு, நல்ல சரக்கு, ஆனாலும் தண்ணீரில் நிற்கப் போட்ட பொருளல்ல. ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, கொதிநீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. பிளைவுட் 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் பிரியக் கூடாது என்ற சோதனையைத் தாண்டி வருவது. பெட்டி செய்தே ஆக வேண்டுமென்றால் 18 மி.மீ. கனத்தில் அதைக் கேளுங்கள். முத்திரை பலகை மேலேயே அச்சாகியிருக்கும். லேமினேட் ஒட்டிய பிறகு பார்க்க முடியாது, ஆகவே ஒட்டும் முன் பார்த்துவிட வேண்டும்.

பி.வி.சி. ஃபோம் போர்டைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தண்ணீருக்கும் கரையானுக்கும் பயமில்லை, அது உண்மை. ஆனால் திருகாணி பிடிப்பு பிளைவுட் அளவுக்குக் கிடையாது. தினம் இருபது முறை திறந்து மூடும் கதவின் கீல் அதில் நாளடைவில் தளரும். அடுப்புக்குப் பக்கத்தில் சூட்டுக்கு வளையவும் செய்யும். சிங்க் அடியில் ஒரு தட்டுக்கு வைக்கலாம், அவ்வளவுதான்.

கல் தடுப்புக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. தண்ணீர் நின்றால் துடைத்துவிடலாம், கரையான் தின்னாது, எலி கடிக்காது. எடைக் கணக்கையும் பாருங்கள்: 20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. 10 அடி நீளம், 2 அடி அகல மேடை என்றால் 100 கிலோ. அதன் மேல் கிரைண்டர், அடுப்பு, நிறை குடம். மாடுலர் பெட்டியில் இவ்வளவும் பிளாஸ்டிக் கால்களில் நிற்கும். தரை மட்டமாக இருந்தால் அந்தக் கால்கள் தாராளமாகத் தாங்கும், திருகி உயரம் மாற்றவும் முடியும், அது நல்ல வசதிதான். பழைய சிவப்பு ஆக்ஸைடு தரையில் அங்கணத்துப் பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்திருக்கும்போது சில கால்கள் முழுதாக நீண்டும் சில கால்கள் மடங்கியும் நிற்க, பாரம் சமமாக இறங்காமல் கல்லில் சிங்க் வெட்டின் மூலையிலிருந்து விரிசல் ஓடுகிறது.

தடுப்புக் கல்லுக்கு ஃபேக்டரிக் கதவை நேராகப் பூட்ட முடியாது. கல்லின் முன்விளிம்பில் 18 மி.மீ. பிளைவுட் சட்டம் வைத்து, கதவின் 35 மி.மீ. குழியில் உட்காரும் கப் கீலின் மறுமுனையை அதில்தான் திருக வேண்டும். டிராயர் வரும் அறைக்கு மட்டும் இரு பக்கமும் பிளைவுட் பலகை உள்ளே இறக்கி, அதில் டிராயர் ஓடும் சேனல் அடிக்க வேண்டும். கல் தடுப்புகளின் இடைவெளியைக் கொத்தனார் மேலும் கீழும் பின்னும் ஒரே அளவாக வைத்தாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 5 மி.மீ. கூடக் குறைய இருந்தால் சட்டத்தில் சரிக்கட்டலாம். அதற்கு மேல் போனால் டிராயர் உரசும்.

இங்கேதான் அளவெடுப்பு வருகிறது. இந்தச் சேவையில் அதிகம் கோளாறு நடக்கும் இடம் இதுதான். ஆர்டர் பிடிக்கும் அவசரத்தில் இடிக்கும் முன்பே டேப்பை நீட்டி அளவெடுத்து, 3டி படம் போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கி, பலகை வெட்ட அனுப்பிவிடுகிறார்கள். பிறகு பழைய பூச்சைக் கொத்திப் புதுப் பூச்சு வருகிறது, அதன் மேல் டைல் வருகிறது. பசையும் டைலும் சேர்ந்தே ஒரு பக்கத்துக்கு முக்கால் அங்குலம் ஏறும், இரு பக்கமும் சேர்த்தால் ஒன்றரை. பெட்டி நுழையாது. நுழைய வைக்க டைலை உடைப்பார்கள், அல்லது பெட்டியின் பக்கத்தைச் சீவுவார்கள். சீவிய இடத்தில் எட்ஜ் பேண்ட் போய்விடும். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: பலகை வெட்டும் அளவு டைல் ஒட்டி முடித்த பிறகுதான் எடுக்கப்படும். அன்றைக்கு மூலைமட்டத்தை 3-4-5 கணக்கில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். பழைய வீட்டில் பெரும்பாலும் வராது. வராத அளவுக்கு எங்கே இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டை வைக்கப் போகிறார்கள் என்று படத்தில் காட்ட வேண்டும்.

சுவருக்குள் போகும் வேலை

ஷோரூம் விலைப்பட்டியலில் இது இருக்காது. "சிவில் ஒர்க் தனி" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் பாதிச் செலவும் முக்கால்வாசித் தலைவலியும்.

கரையான் மருந்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கட்டடத்துக்கு ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதி சொல்லும் முறை: தரையும் சுவரும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு, மருந்துக் கரைசலை உறிஞ்சும் மட்டும், துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் வரை, பம்ப் செய்து இறக்கிவிட்டு மூடுவது. புதுத் தரை டைல் ஒட்டும் முன்பே இதை முடிக்க வேண்டும். நிறையப் பேர் எல்லாம் முடிந்த பிறகு நினைவு வந்து, புது டைலில் துளை போட வைக்கிறார்கள்.

பழைய ஜி.ஐ. இரும்புப் பைப் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே துரு படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். சமையலறைக்குள் வரும் பகுதியையாவது முழுக்க மாற்றிவிடுங்கள். வெந்நீர் வருமிடத்துக்குச் சூடு தாங்கும் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் போட வேண்டும். பூசும் முன் பைப்பில் அழுத்தம் ஏற்றி ஓர் இரவு விட்டுப் பார்க்காமல் சுவரை மூட விடக் கூடாது. சிங்க் வேஸ்ட் லைனுக்கு ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவு போதும்.

அங்கணத்தைச் சிமென்ட் போட்டு மூடிவிடச் சொல்வார்கள். மூடாதீர்கள். அதன் வடிகால் வாயில், தண்ணீர் தேங்கி நிற்கும் நஹானி ட்ராப் வைத்து, மேலே ஜல்லடை மூடி போட்டு, சிங்குக்குப் பக்கத்தில் தரை மட்டத்தில் விட்டுவிடுங்கள். இட்லிப் பானை, பெரிய உருளி போன்றவற்றைக் கீழே வைத்துக் கழுவ அந்த இடம்தான் வசதி. சிங்க் அடியில் என்றாவது பைப் விட்டுவிட்டால் தண்ணீர் போக ஒரு வழியும் இருக்கும். ட்ராப்பில் தண்ணீர் நிற்கும் வரை கரப்பான் ஏறாது. ஊருக்குப் போகும்போது ட்ராப் காய்ந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பைப்பும் ஒயரும் புதைக்கச் சுவரில் காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டுவதில் எலக்ட்ரீஷியன்கள் கை வேகமானது. பழைய வீட்டில் தூண், பீம் கிடையாது, சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. செங்குத்து வாட்டில் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும், படுக்கை வாட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேலும் காடி ஆழமாகப் போகக் கூடாது. 9 அங்குலச் சுவரில் படுக்கைக் காடி ஒன்றரை அங்குலம், அதுவே எல்லை. நான்கரை அங்குலத் தடுப்புச் சுவரில் முக்கால் அங்குலம்தான், அதில் பைப்பே புதையாது. ஆகவே குழாய்களைச் சுவருக்குள் படுக்கையாக ஓட்டாமல் பரண் மட்டத்தில் கொண்டுவந்து நேராகக் கீழே இறக்குவது நல்லது. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரை எடுத்து "ஓப்பன் கிச்சன்" ஆக்கலாம் என்று யாராவது படம் காட்டினால், மெட்ராஸ் டெரஸ் உத்தரக் கட்டைகள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தெரிந்த இன்ஜினீயர் இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒயரிங்கில் இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், கீசர் வரும் 16 ஆம்பியர் பாயின்டுகளுக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, ஒவ்வொன்றுக்கும் தனி லைன். மிக்ஸி, கிரைண்டர் பாயின்டுக்கு 2.5 போதும். மெயினில், மின்கசிவு ஏற்பட்டால் கரன்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்து, எர்த் குழியையும் புதிதாகப் போட வேண்டும். எர்த் இல்லாத வீட்டில் ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும் இடம் சமையலறை. வேறெதில் சிக்கனம் பார்த்தாலும் இதில் கூடாது.

சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே டைல் ஒட்டினால் பூச்சோடு சேர்ந்து டைல் கழன்றுவிடும். டைல் வருமிடத்தில் செங்கல் தெரியக் கொத்தி, நீர் தெளித்து, சிமென்ட் பால் அடித்து, கோழி வலை கட்டிப் பூசி, ஏழு நாள் நனைத்து, பிறகு நன்றாகக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். டைல் வராத மற்ற இடங்களைச் சுண்ணாம்பாகவே விடுங்கள். சுவர் மூச்சுவிடட்டும். சிமென்ட் பூசி மூடினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் இன்னும் மேலே போய் பெயின்ட்டை உரிக்கும்.

மேல்வரிசைப் பெட்டிகளை மாட்டுவதும் இதே பிரச்சினைதான். அட்டைப் பெட்டியில் வரும் இரண்டு அங்குல ஸ்க்ரூவும் பிளாஸ்டிக் பிளக்கும் சுண்ணாம்புச் சாந்துக்குள் நின்றுவிடும், செங்கல்லைத் தொடாது. 4 அங்குல ஆங்கர் போல்ட் வேண்டும். செங்கல் பொரிந்து உதிர்கிற சுவராக இருந்தால் துளையில் பசை செலுத்திப் பிடிக்கவைக்கும் கெமிக்கல் ஆங்கர், அல்லது தரையிலிருந்தே ஒரு இரும்பு ஆங்கிள் சட்டம் நிறுத்தி அதில் மாட்டுவது. பாத்திரம் ஏற்றிய பெட்டி ராத்திரியில் கழன்று விழுவது இந்த இரண்டு அங்குலத்தால்தான்.

மேடையும் உயரமும்

கம்பெனிகள் எல்லோருக்கும் 34 அங்குலம் என்று வைத்துவிடுகின்றன. மேடை உயரம், சமைப்பவர் நிற்கும்போது முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். 5 அடி உயரமுள்ளவருக்கு அது 32 அங்குலம் அளவில் வரும். அடுப்பு மேடை மேல் உட்கார்ந்தால் இன்னும் 4, 5 அங்குலம் ஏறிவிடும், அதற்கு மேல் குழம்புச் சட்டி, அதற்கு மேல் கரண்டி. தோள்பட்டை வலியெல்லாம் இங்கிருந்து வருகிறது. பழைய மேடைகள் தாழ்வாக இருப்பதைக் குறை என்று சொல்லி இடிக்கச் சொல்வார்கள். அடுப்புக்கு அந்தத் தாழ்வுதான் சரி. அடுப்புப் பகுதியை 28, 29 அங்குலத்திலும், வெட்டும் இடமும் சிங்க்கும் 32, 33-லும் இரண்டு மட்டமாகக் கட்டுவது கொத்தனாருக்கு எளிது. ஃபேக்டரிப் பெட்டியில் அது கூடுதல் விலை. கல் தடுப்பு முறையின் பெரிய லாபம் இதுதான். மேடைக்குள் பதிக்கும் ஹாப் அடுப்பு வாங்கினால் ஒரே மட்டம் போதும். ஆனால் இட்லிப் பானையையும் பிரஷர் குக்கரையும் தினமும் ஏற்றி இறக்கும் வீட்டுக்குத் தனி அடுப்புதான் கழுவவும் ரிப்பேர் செய்யவும் சுலபம்.

கிரைண்டருக்கு இடம் விடாத டிசைனை ஒப்புக்கொள்ளாதீர்கள். சிங்குக்குப் பக்கத்தில் 24 அங்குல உயரத்தில் ஒரு கல் தட்டு, பக்கத்தில் ஒரு பாயின்ட். தூக்கி வைக்காமல் அங்கேயே அரைத்து, அங்கேயே கழுவலாம்.

கல்லில் கருப்பு கிரானைட்டைத் தவிர வேறு சொல்லத் தோன்றவில்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கல்லே போதும், கனம் 18 முதல் 20 மி.மீ. கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்டால் மேல்பளபளப்பு அரித்து வெளுக்கும். தடுப்புக்கு நல்லது, மேடைக்கு வேண்டாம். குவார்ட்ஸ் கல்லில் ரெசின் சேர்ந்திருக்கிறது. தாளித்த வாணலியை நேராக இறக்கினால் தழும்பு விழும், அதைத் தேய்த்து எடுக்க முடியாது. மேடைக் கல்லின் பின்விளிம்பைச் சுவருக்குள் ஒரு அங்குலம் நுழைத்து, அதன் மேல் டைல் வந்து உட்கார வேண்டும். மாடுலர் ஆட்கள் கல்லைச் சுவரோடு முட்டவைத்து இடைவெளியில் சிலிகான் அடித்துவிடுவார்கள். சுவர் கோணலாக இருந்து இடைவெளி அகலமானால் சிலிகான் இழுத்துக்கொண்டு பிரியும், பின்னாலேயே தண்ணீர் இறங்கும். முன்விளிம்பின் அடியில் ஒரு சின்னச் சொட்டுக் காடி வெட்டச் சொல்லுங்கள். மேடையில் வழியும் நீர் கதவில் இறங்காமல் அங்கேயே சொட்டிவிடும்.

சிங்க் ஒற்றைத் தொட்டி, 24×18 அங்குலம், ஆழம் 9 அல்லது 10. இரட்டைத் தொட்டியில் எதிலும் வாணலி படுக்காது. மேடைக்கு அடியில் ஒட்டும் சிங்க்குக்கு வெறும் பசை போதாது, அடியில் இரும்பு பிராக்கெட் கட்டாயம்.

இரும்புச் சாமானில் ஏமாறும் இடம்

கீலும் டிராயர் சேனலும் ஹெட்டிக், ஹாஃபலே, ப்ளம், எப்கோ என்று பெயருள்ளதாகவே வாங்கலாம். பெட்டியில் மிச்சம் பிடித்து இதில் போடலாம். 25 கிலோ அரிசி மூட்டையைக் கொட்டிவைக்கும் டிராயருக்கு 50 கிலோ தாங்கும் சேனல் வேண்டும், 30 கிலோ சேனல் தொங்கிவிடும். கம்பிக் கூடைகளில் குரோம் பூசியதைத் தொடவே வேண்டாம், அதிலும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி, துரு தாங்கும் 304 தரத்துக்குப் பதில் மட்டமான 202 தரத்தைக் கொடுத்துவிடுவார்கள். காந்தம் வைத்துப் பார்ப்பது பயன்படாது, 202, 304 இரண்டிலுமே ஒட்டாது. சோதனைத் திரவம் சின்னப் புட்டியில் பேட்டரியோடு விற்கிறது. ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையை வைத்தால் 202 சிவக்கும். கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

பாட்டில் புல்-அவுட், மூலைச் சுழல்தட்டு போன்றவற்றுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. அகலமான மூன்று டிராயர் அவை எல்லாவற்றையும்விட உழைக்கும். ஷட்டருக்கு 1 மி.மீ. லேமினேட்டும் 2 மி.மீ. எட்ஜ் பேண்டும். எட்ஜ் பேண்டை மெஷினில் ஒட்டுவது மட்டுமே நிற்கும், அதனால்தான் கதவை ஃபேக்டரியில் செய்யச் சொல்வது. தச்சர் கையால் ஒட்டினால் அடுப்புச் சூட்டுக்கு முனை பிரிந்து எழும்பும். பிளாஸ்டிக் தோல் போர்த்திய மெம்ப்ரேன் ஷட்டரும் அப்படியே, அடுப்புப் பக்கம் தோல் உரியும்.

சிம்னிக்குப் புகை வெளியேறும் 6 அங்குல டக்ட் குழாய், முடிந்தவரை வளைவில்லாமல். மணிக்கு 1200 கன மீட்டர் என்று அட்டையில் போட்டிருப்பது டக்ட் இல்லாமல் காற்று சும்மா ஓடும்போது அளந்தது, ஒவ்வொரு வளைவும் அதைக் குறைக்கும். கூரையில் துளை போட்டு மேலே எடுத்தால் மெட்ராஸ் டெரஸ் ஒழுகும், சுவர் வழியாகப் பக்கவாட்டில் வெளியேற்றுங்கள். பழைய புகைக்கூண்டு இருந்தால் அதை அடைக்க வேண்டாம். சிம்னி ஓடாத வேளையில் வெக்கையை எடுத்துக்கொண்டு போவது அதுதான். சிலிண்டரை மேடைக்கடியில் வைத்தால் கதவில் தரை மட்டத்தில் காற்றுத் துளை வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும். பின்கட்டில் வெளியே வைத்து செம்புக் குழாயில் உள்ளே கொண்டுவருவது இன்னும் நல்லது.

அந்த ஆறேழு வாரம்

இடிப்பு, பைப், ஒயரிங், பூச்சு, ஈரம் காய்தல், டைல், கல் எல்லாம் சேர்த்து ஒழுங்காக நடந்தால் மூன்று வாரத்துக்குக் குறையாது. அதற்குப் பிறகு அளவெடுத்து ஃபேக்டரியில் செய்து வர இன்னும் ஒரு மாதம். செமி மாடுலரில் இங்கே ஒரு பெரிய சௌகரியம்: கல் மேடையும் சிங்கும் மூன்றாம் வாரம் முடிவிலேயே தயார். கதவு வரும் வரை திறந்த அறைகளோடு சமைத்துக்கொண்டிருக்கலாம். முழு மாடுலரில் பெட்டி வந்த பிறகுதான் அதன் மேல் கல், ஆகவே அடுப்பு அது வரை வெளியேதான்.

ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்கவே கூடாது. பூச்சு காயாது, காயாத சுவரில் பலகை வைத்தால் முறுக்கும். பொங்கல் முடிந்து ஆட்கள் ஊரிலிருந்து திரும்பியதும் தொடங்கி பங்குனிக்குள் முடித்தால் சுவரும் காயும், வெளியே சமைக்க மழைப் பயமும் இருக்காது.

தற்காலிக அடுப்படிக்குத் தாழ்வாரமும் பின்கட்டும்தான் இடம், குழாய்க்கோ கிணற்றடிக்கோ எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. பாத்திரம் கழுவுவதுதான் ஆளைத் தேய்க்கும். சமையல் எப்படியாவது நடந்துவிடும். "இண்டக்‌ஷன் ஒன்று வாங்கிச் சமாளியுங்கள்" என்பார்கள். அலுமினிய இட்லிப் பானை, வெண்கலப் பானை, மண் சட்டி எதுவும் அதில் சூடாகாது. 2000 வாட் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். பழைய கட்டை ஒயரிங்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டினால் கம்பி சூடேறி அதன் உறை இளகும். ஆகவே இரண்டு பர்னர் கேஸ் அடுப்பே பிரதானமாக இருக்கட்டும், இண்டக்‌ஷன் பால் காய்ச்சவும் காப்பிக்கும். அடுப்பு சிலிண்டரைவிட உயரமான மேஜையில் இருக்க வேண்டும், ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்குள், ஆள் நடக்கும் வழியில் குறுக்கே போகாமல். காற்றுக்கு அடுப்பின் மூன்று பக்கமும் தகரம் மறைக்கலாம், சிலிண்டரை மறைக்கக் கூடாது.

சுண்ணாம்புப் பூச்சு கொத்தும் நாள்கள்தான் கொடுமை. நிலைக்கட்டையிலிருந்து தரை வரை கனமான பாலித்தீன் தாளை இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறும்படி தொங்கவிட்டு ஓரங்களில் டேப் ஒட்டுங்கள். சமையலறை ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேனை வெளிப்பக்கமாக ஓடவிட்டால் தூசி வீட்டுக்குள் வராமல் வெளியே இழுத்துக்கொண்டு போகும். கொத்தும் முன் சுவரை நனைக்கச் சொல்ல வேண்டும். கிரானைட்டையும் டைலையும் தண்ணீர் விட்டுத்தான் வெட்ட வேண்டும், அதையும் வாசலிலோ தோட்டத்திலோ. வீட்டில் மூச்சிரைப்பு உள்ள பெரியவர்கள் இருந்தால் அந்த மூன்று நான்கு நாளுக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவதே சரி. ஃபிரிட்ஜை ஓடவிட்டபடி துணி போட்டு மூடக் கூடாது, கொத்தும் நேரத்தில் அணைத்து மூடி, பிறகு திறந்து ஓடவிடுங்கள்.

கூடத்தில் ஆத்தங்குடிக் கல்லோ சிவப்பு ஆக்ஸைடோ இருந்தால் வேலை தொடங்கும் முன் பிளாஸ்டிக் தாள், மேலே கோணி, அதற்கு மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஒரு பூச்சு. வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவுவது கொத்தனார்களின் வழக்கம். ஆத்தங்குடிக் கல் சிமென்ட்டால் ஆனது, ஆசிட் பட்ட இடத்தில் நிறமும் வழவழப்பும் ஒரு நிமிடத்தில் போய்விடும், எந்த மெழுகு போட்டாலும் திரும்பாது. ஆசிட் பாட்டில் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது என்று முதல் நாளே மேஸ்திரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பணம்

விலையைச் சதுர அடிக்குச் சொன்னால், முன்பக்க ஷட்டர் அளவா, பெட்டி அளவா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் கணக்கு தலைகீழாக மாறும். கிரானைட், சிங்க், குழாய், சிம்னி, டக்ட் துளை, பிளம்பிங், ஒயரிங், கழிவு அள்ளும் லாரி, ஜி.எஸ்.டி. எல்லாம் உள்ளா வெளியா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள். சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்பும் முன்பே முழுப்பணத்தையும் கேட்பது இந்தத் தொழிலில் வழக்கமாகிவிட்டது. பத்து சதவீதத்தையாவது பூட்டி முடித்த பிறகு என்று நிறுத்திவையுங்கள். அந்தப் பத்து சதவீதம் போய்விட்டால், உரசும் ஒரு டிராயரைச் சரிசெய்ய ஆள் வர வாரக்கணக்கில் போன் போட வேண்டிவரும்.

அதைக் கொடுக்கும் முன் சிங்க்கை அடைத்து விளிம்பு வரை நிரப்பி, ஒரே தடவையில் திறந்துவிட்டு, அடியில் காய்ந்த பேப்பர் விரித்து நனைகிறதா என்று பாருங்கள். எல்லா டிராயரிலும் நிஜமான பாத்திரத்தை ஏற்றி இழுத்துப் பாருங்கள், காலி டிராயர் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். சிம்னியை ஓடவிட்டு வெளியே டக்ட் வாயில் கை வைத்துக் காற்று வருகிறதா பாருங்கள். கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பைப்பும் ஒயரும் சுவருக்குள் எங்கே ஓடுகின்றன என்று பூசும் முன் எடுத்த போட்டோக்களை, பக்கத்தில் டேப் பிடித்து அளவு தெரியும்படி எடுத்ததாகவே, கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டியிருந்தாலும் அதைப் பார்த்துவிட்டு அடிக்கலாம்.